குகையும் கூடமும்: இரண்டு சகோதர சபைகளின் வானம்

ரோமப் பேரரசில் மித்ராஸ் வழிபாட்டினர் கூடிய நிலவறை ஒன்று. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் அமைப்பாகத் திரண்ட ஃப்ரீமேசன்களின் லாட்ஜ் இன்னொன்று. முன்னது கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி நான்காம் நூற்றாண்டோடு அடங்கிப்போனது. பின்னது இன்றும் உலகெங்கும் இயங்குகிறது. முன்னது ஒரு தெய்வத்தின் வழிபாடு. பின்னது தன்னை மதமென்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளாத சங்கம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கிடக்கின்றன. இவற்றை இணைக்கும் வாரிசுச் சங்கிலி எதுவும் வரலாற்றில் இல்லை.

இருந்தும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. இரண்டுமே ஆண்கள் கூடிய சகோதர சபைகள். படிப்படியாகத் தீட்சை தருபவை. சடங்கை வெளியாருக்குச் சொல்லாதவை. இவற்றைவிட முக்கியமாக, இரண்டுமே வெளியார் பார்வை படாத அறைக்குள் வானத்தைக் கொண்டுவந்து வைத்தவை. ஆனால் கொண்டுவந்த வானத்தை வைத்து இரண்டும் செய்த வேலை வேறு. மித்ராஸ் அடியவருக்கு வானம் ஏறிக் கடக்க வேண்டிய வழி. மேசனுக்கு அது கற்று நடக்க வேண்டிய பாடம். இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுகளின் இயல்பு

மித்ராஸ் சபையினர் விட்டுச்சென்றவை கல், சுதை, மொசைக், சுவர்க்கிறுக்கல்கள். அவர்களுடைய வேதமோ சடங்கு நூலோ நம் கைக்கு வரவில்லை. எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் வெளியார் சொன்னவை: தத்துவவாதி போர்ஃபிரி, கிறித்தவ எழுத்தாளர்களான ஓரிகன், ஜெரோம் போன்றோரின் குறிப்புகள். படம் ஏராளம், விளக்கம் சொற்பம்.

மேசன்களின் நிலை நேர்மாறு. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல் அச்சேறியது. 1730-இல் சாமுவேல் பிரிச்சர்ட் சடங்குகளை அம்பலப்படுத்தி ஒரு சிறுநூலே போட்டார். 1772-இல் வில்லியம் பிரஸ்டனின் விளக்கநூல் வந்தது. அதன்பின் எழுதிக் குவித்ததற்கு அளவில்லை. ரகசியச் சங்கம் என்று பேர்பெற்ற ஒன்றைப் பற்றி இத்தனை அச்சுப் பிரதிகள் கிடைப்பது வேடிக்கைதான். முன்னதில் சான்று போதாமையும் பின்னதில் விளக்கம் மிகுதியும் ஒரே விளைவைத் தந்தன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அறை: பிரபஞ்சத்தின் மாதிரி

மித்ராஸ் கோயில் என்பது குகை, அல்லது குகைபோல் அமைத்த அறை. நடுவில் நீண்ட நடை. இருபுறமும் சாய்ந்தமர்ந்து விருந்துண்ண மேடைகள். எதிர்ச்சுவரில் மித்ராஸ் காளையைக் குத்தும் சிற்பம். இந்தக் குகை பிரபஞ்சத்தின் உருவமென்றும், அதற்குள் இருந்தவை அதன் பகுதிகளுக்கு உரிய இடைவெளியில் அமைக்கப்பட்டவை என்றும் போர்ஃபிரி எழுதுகிறார். இது வெறும் தத்துவப் பேச்சு அன்று என்பதற்கு ரோமுக்கு அருகிலுள்ள ஆஸ்டியா துறைமுக நகரில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த 'ஏழு கோளங்கள்' கோயில் சாட்சி. நடைபாதைத் தரையில் ஏழு அரைவட்டங்கள். மேடைகளின் முகப்பில் கோள்களின் உருவங்கள். மேடைகளின் மேல் ஓரத்தில் பன்னிரண்டு ராசிகள், ஒருபுறம் மேஷம் முதல் கன்னி வரை, மறுபுறம் துலாம் முதல் மீனம் வரை. அங்கே படுத்து உணவருந்தியவர் ராசிச் சக்கரத்தின் ஒரு பாதிக்குள் கிடந்தார்.

காளையைக் கொல்லும் காட்சியே ஒரு விண்மீன் வரைபடமாகத் தோன்றுகிறது. காளை, நாய், பாம்பு, தேள், காகம், சில சிற்பங்களில் சிங்கமும் கிண்ணமும். காளையின் வால்நுனி கோதுமைக் கதிராக முடிகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் வானில் ஒரு விண்மீன் குழு உண்டு. கதிருக்கு நேரானது கன்னி ராசியில் ஒளிரும் சித்திரை மீன். பஞ்சாங்கம் அறிந்த தமிழருக்கு எளிதாகச் சொன்னால், ரோகிணியிலிருந்து கேட்டை வரையிலான வான்பகுதி அந்தச் சிற்பத்தில் விரிகிறது. இருபுறமும் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் இருவரில் ஒருவன் பந்தத்தை உயர்த்தியும் மற்றவன் தாழ்த்தியும் பிடித்திருக்கிறான். மேல் மூலைகளில் சூரியனும் சந்திரனும்.

மேசன் லாட்ஜும் பிரபஞ்சத்தின் மாதிரியாகவே விவரிக்கப்படுகிறது. அதன் நீளம் கிழக்கிலிருந்து மேற்கு, அகலம் வடக்கிலிருந்து தெற்கு, ஆழம் பூமியின் மையம் வரை, உயரம் விண்ணளவு. கூரை விண்மீன் பதித்த விதானம். 1776-இல் லண்டனில் திறக்கப்பட்ட பழைய மேசன் மாளிகையின் கூரை நடுவில் பொன்மெருகில் சூரியனும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகளும் இருந்தன. ஆஸ்டியாவின் மேடைகளும் லண்டனின் கூரையும் ஒரே ராசிச் சக்கரத்தைத்தான் காட்டின.

ஆனால் லாட்ஜில் வானம் அலங்காரத்தோடு நிற்பதில்லை. அது பணி நேரத்தை வகுக்கிறது. தலைவர் கிழக்கில் அமர்கிறார். சூரியன் உதித்து நாளைத் தொடங்குவதுபோல அவர் சபையைத் தொடங்குகிறார். மூத்த கண்காணிப்பாளர் மேற்கில் அமர்ந்து, அந்தியில் வேலை முடிவதுபோல் சபையை முடிக்கிறார். இளைய கண்காணிப்பாளர் தெற்கில் இருந்து உச்சிப்பொழுதைக் குறித்து, உறுப்பினரை வேலையிலிருந்து உணவுக்கு அழைக்கிறார். வடக்கில் இத்தகைய பொறுப்பாளர் இருக்கை இல்லை. அது ஒளி எட்டாத திசை எனப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளியின் ஒருநாள் வேலை நேரத்தை ஆசனங்களாக மாற்றிய ஏற்பாடு இது. சூரியன், சந்திரன், சபைத் தலைவர் ஆகிய மூன்றும் 'சிறு ஒளிகள்'. இந்த வரிசையில் மனிதன் ஒருவன் வானத்து ஒளிகளோடு சமமாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

படிநிலைகள்: கோளின் காவலும் கல்விப் பாடமும்

மித்ராஸ் சபையில் ஏழு படிகள்: காகம், மணமகன், போர்வீரன், சிங்கம், பாரசீகன், சூரியனின் ஓட்டக்காரன், தந்தை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோள் காவல். முறையே புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், திங்கள், ஞாயிறு, சனி. ரோமின் அவென்டைன் குன்றிலுள்ள சாந்தா பிரிஸ்கா கோயிலின் சுவரெழுத்துகள் இந்தக் காவலைச் சொல்லாலேயே குறிப்பிடுகின்றன. ஆஸ்டியாவின் ஃபெலிசிசிமஸ் கோயிலில் தரை மொசைக்கே ஏணி போல ஏழு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அந்தப் படிக்குரிய சின்னங்கள் இருக்கின்றன. சூரியனின் ஓட்டக்காரனுக்குக் கதிர்முடியும் சாட்டையும் தீப்பந்தமும். தந்தைக்குத் தொப்பியும் கோலும்.

அக்காலத்து வானியலர் கொண்ட கோள் வரிசை சந்திரனில் தொடங்கிப் புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன் வழியாகச் சனியில் முடியும். மித்ராஸ் படிகளின் வரிசை அதனோடு பொருந்தவில்லை. கிழமை வரிசையோடும் பொருந்தவில்லை. தொலைவு பார்த்து அமைத்த வரிசை அன்று அது; தகுதி பார்த்து அமைத்தது. சபைக்குத் தேவையான ஒழுங்கை வானத்தின்மேல் ஏற்றிவிட்டு, அதை வானத்தின் ஒழுங்காகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மேசன்களிடம் அடிப்படைப் படிகள் மூன்று. வானியல் இரண்டாம் படியில் வருகிறது, ஒரு கல்வித்துறையாக. இலக்கணம், அணியியல், தருக்கம், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற ஏழு கலைகளில் அது கடைசி. சுழல்படி ஏறி நடு அறைக்குச் செல்லும் சடங்கில் இந்த ஏழும் படிகளாக எண்ணப்படுகின்றன. சாலமோன் கோயிலின் இரு தூண்களின் உச்சியில் பூகோளமும் வானகோளமும் வைக்கப்பட்டிருப்பதாகச் சபை சொல்கிறது. பிரஸ்டனின் விளக்கங்களில் கோளத்தின் பயன்பாடு பற்றிய பேச்சு 18-ஆம் நூற்றாண்டுப் பள்ளிப் பாடத்தை நினைவூட்டும்.

இது தற்செயல் அன்று. 1719-இல் லண்டன் தலைமை லாட்ஜின் தலைவராக இருந்த ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியர் நியூட்டனின் இயற்பியலைச் செய்முறை விரிவுரைகளால் பரப்பியவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனின் உலக அமைப்பே நல்லாட்சிக்குச் சிறந்த மாதிரி என்று 1728-இல் ஒரு நீண்ட கவிதையே எழுதினார். பாரிஸில் 1776-இல் 'ஒன்பது சகோதரியர்' லாட்ஜை நிறுவிய ஜெரோம் லலாந்து தொழில்முறை வானியலர். அந்த லாட்ஜில்தான் 1778 ஏப்ரலில் முதிய வால்டேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர் பெஞ்சமின் பிராங்கிளின் அதன் தலைவரானார். மித்ராஸ் உலகில் கோள் மனிதனைக் காக்கும், ஆளும். கோப்பர்னிக்கசும் நியூட்டனும் வந்துபோன உலகில் கோள் விதிக்கு அடங்கியது. விதியை வகுத்தவர் 'பிரபஞ்சத்தின் மாபெரும் கட்டடக்கலைஞர்'. மித்ராஸ் வானத்துக்குள் நின்று செயல்படுகிறார். கட்டடக்கலைஞர் வானத்துக்கு வெளியே நின்று வரைபடம் போடுகிறார்.

ஏணியின் படிகள்

இரண்டு சபைகளிலும் ஏணி உண்டு. இரண்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி செல்சஸ் சொன்னதாக ஓரிகன் தரும் செய்தியில், மித்ராஸ் சடங்கின் ஏணிக்கு ஏழு வாயில்கள், உச்சியில் எட்டாவது ஒன்று. சனிக்கு ஈயம், வெள்ளிக்குத் தகரம், வியாழனுக்கு வெண்கலம், புதனுக்கு இரும்பு, செவ்வாய்க்குக் கலப்பு உலோகம், திங்களுக்கு வெள்ளி உலோகம், ஞாயிறுக்குப் பொன். கீழிருந்து மேலே சொன்னால் இது கிழமைகளின் தலைகீழ் வரிசை. ஆன்மா கோள்களைக் கடந்து செல்லும் பாதை என்பதே இந்த ஏணிக்குச் செல்சஸ் தரும் பொருள்.

மேசன்களின் முதல்படிச் சித்திரப் பலகையில் வரும் ஏணி விவிலியத்தின் யாக்கோபுடையது. கீழே வேதநூல், மேலே விண்ணொளி, ஒருபுறம் சூரியன், மறுபுறம் ஏழு விண்மீன்கள் சூழ்ந்த சந்திரன். ஏணியின் முக்கியப் படிகள் மூன்று: நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஏணி அப்படியே இருக்கிறது. படிகளிலிருந்து கோள்கள் இறங்கிவிட்டன, அறங்கள் ஏறிவிட்டன. இரண்டு சபைகளின் வேறுபாட்டை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் இந்த ஏணியைத்தான் காட்டுவேன்.

திருப்பநாட்களும் நிலவும்

நாள் குறிப்பதிலும் இரண்டும் வானத்தை நாடின. போர்ஃபிரியின்படி ஆன்மாக்கள் கடகத்தின் வாயில் வழியாகப் பிறப்புக்கு இறங்குகின்றன, மகரத்தின் வாயில் வழியாக மேலேறுகின்றன. மித்ராசின் இருக்கை பகலும் இரவும் சமமாகும் புள்ளிகளில். இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள விரூனம் நகரில் கிடைத்த வெண்கலப் பட்டயம் உறுப்பினர் பெயர்களை அடுக்குகிறது. இறப்புகளை முன்னிட்டு அவர்கள் கூடிய நாளாக அது குறிப்பது கி.பி. 184 ஜூன் 26. சூரியன் வடகோடியிலிருந்து திரும்பும் காலத்தை ஒட்டி அந்நாள் அமைந்தது பொருளுடையது என்பது ஆய்வாளர் ரோஜர் பெக்கின் கருத்து. சாந்தா பிரிஸ்காவின் கிறுக்கல் ஒன்று, கி.பி. 202 நவம்பர் 20 விடியலில் ஒருவர் 'பிறந்ததை', சனிக்கிழமை, நிலவின் 18-ஆம் நாள் என்று பஞ்சாங்கக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறது.

மேசன்களின் இரு பெருநாட்கள் ஜூன் 24, டிசம்பர் 27. முறையே திருமுழுக்கு யோவானுக்கும் நற்செய்தியாளர் யோவானுக்கும் உரியவை. நான்கு லண்டன் லாட்ஜ்கள் சேர்ந்து தலைமை லாட்ஜ் கண்டதாக மரபு சொல்வது 1717 ஜூன் 24. பிரிந்திருந்த இரு தலைமைச் சபைகள் இங்கிலாந்தில் ஒன்றானது 1813 டிசம்பர் 27. வட்டத்தின் நடுவே புள்ளி, இருபுறமும் இரு கோடுகள் என்ற மேசன் சின்னத்தில் அந்தக் கோடுகள் இரு யோவான்கள்; சூரியனின் வடகோடியும் தென்கோடியும் என்று கொள்வாரும் உண்டு. திருப்பநாளைத் திருச்சபையின் நாட்காட்டி வழியாகவே இவர்கள் பெற்றுக்கொண்டார்கள். வானத்தை அளந்து குறிக்கவில்லை. உண்மையான வானத்தைப் பார்த்து அவர்கள் நாள் வைத்தது வேறொரு காரணத்துக்காக. அமெரிக்கக் கிராமப்புற லாட்ஜ்கள் பல பௌர்ணமியை ஒட்டிக் கூடின. இரவில் குதிரையேறி வீடு திரும்ப வெளிச்சம் வேண்டியிருந்தது.

மறைபொருள் தேடியவர்கள்

சின்னம் இருக்கும் இடத்தில் திறவுகோல் தேடுவோர் வருவார்கள். மித்ராஸ் சிற்பம் விண்மீன் வரைபடம் என்று 1869-இல் கே. பி. ஸ்டார்க் சொன்னார். மித்ராஸ் ஆய்வின் தந்தை எனப்பட்ட ஃபிரான்ஸ் கூமோன் அதை ஒதுக்கி, எல்லாம் பாரசீகத்திலிருந்து வந்தவை என்றார். 1970-களில் வானியல் விளக்கம் மீண்டும் எழுந்தது. 1989-இல் டேவிட் உலன்சி ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் கண்டறிந்த அயன அசைவே இம்மதத்தின் ரகசியம் என்றார். சம இரவுப் புள்ளி ரிஷபத்தை விட்டு நகர்ந்ததைத்தான் காளைக்கொலை குறிக்கிறது, வானத்தையே அசைக்க வல்ல தெய்வம் மித்ராஸ் என்பது அவர் வாதம். அழகான கோட்பாடுதான். ஆனால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும் அந்த அசைவு அன்றைய வானியலரிலேயே வெகுசிலர் அறிந்தது என்று வானியல் வரலாற்றாசிரியர் நோயல் ஸ்வெர்ட்லோ மறுத்தார். சுங்கச் சாவடிப் பணியாளரும் படைவீரரும் விடுதலை பெற்ற அடிமைகளும் நிறைந்த சபைக்கு அது மையக் கருத்தாக இருந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. டிசம்பர் 25 மித்ராசின் பிறந்தநாள் என்ற பரவலான கூற்றும் இதே வகைதான். கி.பி. 354-ஆம் ஆண்டு நாட்காட்டி அந்நாளில் 'வெல்லப்படாதவரின் பிறப்பு' என்று மட்டுமே சொல்கிறது. மித்ராஸ் பெயர் அதில் இல்லை.

மேசன்கள் பக்கம் இந்தத் தேடல் இன்னும் முன்பே தொடங்கியது. எல்லா மதங்களும் சூரிய வழிபாட்டின் கிளைகள் என்று பிரெஞ்சுக்காரர் டுப்புயி 1795-இல் எழுதினார். தாமஸ் பெயினின் கட்டுரை, அவர் இறந்தபின் 1810-இல் வெளியாகி, மேசன் சங்கத்தைப் பண்டைய கெல்ட்டியப் பூசாரிகளான டுரூயிடுகளின் சூரிய வழிபாட்டோடு இணைத்தது. 1882-இல் ராபர்ட் ஹியூவிட் பிரவுன், மூன்றாம் படியில் கொலையுண்டு எழுப்பப்படும் கட்டடக்கலைஞன் ஹிராமின் கதை சூரியனின் ஆண்டுப் பயணமே என்று ஒரு நூல் முழுக்க வாதிட்டார். ஆனால் மூன்றாம் படிக்கான சான்று 1720-களுக்கு முன்னால் போவதில்லை. தொன்மையான சூரியக் கதை என்றால், அது காபி வீடுகளும் தேறல் விடுதிகளும் நிறைந்த லண்டனில் வடிவம் பெற்றது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாட்ஜின் நடுவே சுடர்விடும் விண்மீனுக்கு ஆங்கில விரிவுரைகள் சூரியன் என்று பொருள் சொல்கின்றன. வேறு கையேடுகள் பெத்லகேம் விண்மீன் என்கின்றன. மேசன் எழுத்தாளர் ஆல்பர்ட் பைக் 1871-இல் அதைச் சிரியஸ் என்றார். ஒரே விண்மீனுக்கு மூன்று முகவரி. சான்று போதாத இடத்திலும் விளக்கம் மிகுந்த இடத்திலும் விளைவு ஒன்றே: சின்னம் பேசவில்லை, விளக்குபவரே பேசுகிறார்.

சென்னையில் உடையும் திசை

இந்த அறை வானம் எந்த ஊர் வானம் என்று சோதிக்கத் தமிழ்நாட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மதராசில் முதல் லாட்ஜ் 1752-இல் வந்தது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். எழும்பூரில் மேசன் மாளிகை இன்றும் இருக்கிறது. இங்கும் தெற்கே உச்சிப்பொழுது, வடக்கே இருள் என்பதே சடங்கு. லண்டனுக்கு இது சரி. அங்கே நண்பகல் சூரியன் என்றும் தெற்கில்தான் நிற்கும். ஜெருசலேமுக்கும் சரி. சென்னையோ வட அட்சம் 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் 'இருள் திசை'யில்தான் வெயில் உச்சத்தில் இருக்கிறது. இருந்தும் சடங்கு மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் சபைக்கு இல்லை. அந்த வடக்கு வானத்தின் வடக்கு அன்று, ஒழுக்கப் பாடத்தின் வடக்கு. மித்ராஸ் குகையும் இப்படித்தான். பிரிட்டனின் ஹேட்ரியன் சுவரானாலும் சிரியாவின் பாலை விளிம்பானாலும் அதே காளை, அதே தேள்.

முடிவு

மித்ராஸ் சபைக்கு வானம் ஆற்றல். கோள்கள் மனிதன்மேல் செயல்படுபவை, சடங்கு அவற்றின் ஊடே வழிகாட்டுவது. மேசன் சபைக்கு வானம் முன்மாதிரி; அது ஒழுங்கைக் காட்டும், நடப்பது மனிதன் பொறுப்பு. இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு சபை மற்றொன்றிடமிருந்து கற்றதோ மறந்ததோ அன்று. இடையில் வானியலே மாறியதுதான். ஒவ்வொரு சபையும் தன் காலத்து வானியல் தந்ததை எடுத்துக்கொண்டது. எடுத்ததை வைத்து எது மேல், எது கீழ், யார் முதலில் அமர்வது என்ற கேள்விகளுக்கு மறுக்க முடியாத விடையைச் செய்துகொண்டது. திரும்ப வானியலுக்கு எதையும் தரவில்லை. லலாந்து விண்மீன்களை அளந்தது லாட்ஜில் அன்று, வான்நோக்குக் கூடத்தில்.

எனவே பழஞ்சின்னத்தில் விண்மீன் ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்னத்துக்குச் சான்று எந்த ஆண்டிலிருந்து கிடைக்கிறது? அந்தப் பொருளை முதலில் எழுதி வைத்தவர் யார்? அதில் இருப்பது எந்த ஊர் வானம்? மூன்றுக்கும் விடை வராத விளக்கத்தை ரசிக்கலாம், நம்பத் தேவையில்லை.